நாலு பிளக்கும் செத்த வண்டி

தம்தின் ராத்திரி முழுக்கப் பேட்டரியை அடுப்போரம் படுக்க வைத்திருந்தான். விடிந்ததும் அதைத் தூக்கிப் போய் ஜீப்பில் மாட்டி, உலோகத்தில் விரல் ஒட்டிக்கொள்ளாமல் கையுறையோடு சாவியைத் திருப்பினான். செல்ஃப் நன்றாகவே அடித்தது. இஞ்சின் சுற்றியது, இருமியது, மறுபடி சுற்றியது. பின்னால் புகைக்குழாயில் வெள்ளையாகக் கொஞ்சம் புகை வந்தது. பிடிக்கவில்லை.

"பிடிச்சுத் தொலையேன், சனியனே!"

குளிர் பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்தைந்தைத் தாண்டியிருந்தது. கத்தினதற்குக் கூலியாக மீசையில் பனி ஒட்டியதுதான் மிச்சம்.

அந்தச் சுற்று வட்டாரத்தில் யாருடைய டீசல் வண்டி மக்கர் செய்தாலும் தம்தினிடம்தான் கொண்டுவருவார்கள். அவன் கை வைத்தால் குப்பையில் கிடக்கிற இஞ்சின்கூட எழுந்து உட்காரும் என்று பேச்சு. அந்தப் பேச்சை அவனும் கேட்டிருக்கிறான். கேட்டது போதாதென்று நாலு இடத்தில் அவனே சொல்லியும் இருக்கிறான். அப்பேர்ப்பட்டவனின் சொந்த ஜீப் ஒரு வாரத்துக்கு மேலாகக் காலையில் கிளம்ப மாட்டேன் என்கிறது. உள்ளே கொட்டகையில் வைத்துச் சூடேற்றலாம் என்றால், அங்கே எவனோ ஒருவனுடைய ரஷ்ய லாரி குடலைப் பிடுங்கிப் போட்ட நிலையில் இரண்டு மாதமாகக் கிடக்கிறது. ஊரான் லாரி கதகதப்பாக உள்ளே, சொந்த வண்டி வெட்டவெளியில். தம்தின் குடும்பம் நடத்திய லட்சணமும் ஏறக்குறைய இதுதான்.

அன்று வருஷத்தின் கடைசி நாள். அந்த ராத்திரிக்குப் பித்தூன் என்று பெயர். பித்தூன் ராத்திரியை வெளியே கழிக்கிறவன் அடுத்த வருஷம் முழுக்க அலைவான் என்பார்கள். அதனால் பட்டணத்துக்குப் போனவன், தப்பிப்போன குதிரையைத் தேடி மலைக்குப் போனவன் எல்லாருமே பொழுது சாய்வதற்குள் வீடு வந்து சேர்ந்துவிடுவார்கள். குடும்பமே கூடி உட்கார்ந்து வயிறு புடைக்கக் கறிக் கொழுக்கட்டை தின்னும்.

தம்தின் வீட்டில் கொழுக்கட்டை பிடிக்க ஆள் இல்லை. அவன் பெண்டாட்டி ஒயூனா கணவாய்க்கு அந்தப் பக்கம் அவள் அண்ணன் பத்சூக் வீட்டில் இருந்தாள். சண்டை என்று சொல்லிக்கொள்ளும்படி எதுவும் நடக்கவில்லை. பத்து நாளுக்கு முன் தபால் வேன் வந்து நின்றபோது, அவள் ஒரு மூட்டையோடு கொட்டகை வாசலுக்கு வந்து, "எங்கண்ணன் வீட்டுக்குப் போறேன்" என்றாள். லாரிக்கு அடியில் கிடந்த தம்தின், "போயிட்டு வா, அப்படியே அந்தப் பதினேழாம் நம்பர் ஸ்பேனரை எடுத்துக் குடு" என்றான். அவள் எடுத்துக் கொடுத்துவிட்டுத்தான் போனாள். சாயங்காலம் உள்ளே வந்து, அடுப்பு ஜில்லென்று கிடந்ததைப் பார்த்த பிறகுதான், மூட்டை கொஞ்சம் பெரிசாக இருந்ததே என்று அவனுக்குத் தோன்றியது.

இரண்டு நாளுக்கு முன் பத்சூக் போன் செய்தான்.

"மச்சான், பித்தூன் அன்னிக்குப் பொழுது சாயறதுக்குள்ள வந்து கூட்டிட்டுப் போயிடுங்க. வரலைன்னா புது வருஷம் கழிச்சு அவ துணிமணியை எடுக்க நானே வரவேண்டியிருக்கும்."

"அவளே அப்படிச் சொன்னாளா?"

"அவ வாயே திறக்கல. அதான் எனக்குப் பயமா இருக்கு."

"வண்டி கிளம்ப மாட்டேங்குது மச்சான்..."

மறுமுனையில் பத்சூக் சிரித்த சிரிப்பு தம்தினுக்கு இன்னும் காதில் குத்திக்கொண்டிருந்தது. சிரிக்காமல் என்ன செய்வான்? பத்சூக் பையன் கல்யாணத்துக்கு வண்டி கிளம்பவில்லை. மாமியார் செத்த சேதி வந்தபோது வண்டி அரை நாள் தாமதமாகத்தான் கிளம்பியது. அப்போதெல்லாம் வண்டி குத்துக்கல் மாதிரி நன்றாகத்தான் இருந்தது. எவனோ கொண்டுவந்த இஞ்சினை விட்டு எழுந்திருக்கத்தான் தம்தினுக்கு மனசு வரவில்லை. இந்தத் தடவைதான் நிஜமாகவே கிளம்பவில்லை. இதைச் சொன்னால் எந்த மடையன் நம்புவான்?

இத்தனை நாளும் மத்தியானம் பக்கத்துக் கூடார வீட்டுக் கொம்போ தன் லாரியில் கயிறு கட்டி இழுத்துவிடுவான். இரண்டு பர்லாங் இழுத்தால் ஜீப் முனகிக்கொண்டு பிடித்துக்கொள்ளும். இன்று கொம்போ பண்டிகைச் சாமான் வாங்கப் பட்டணத்துக்குப் போயிருந்தான். சாயங்காலம்தான் வருவான். குதிரையில் போகலாமென்றால் கணவாயின் குறுக்குவழியில் பனி இடுப்பளவு கிடக்கிறது. சுற்றிப் போகிற வண்டித் தடம் மட்டும்தான் திறந்திருக்கிறது, அதில் குதிரை போய்ச் சேர நாளைக்கு மத்தியானம் ஆகும்.

தம்தின் பானெட்டைத் தூக்கி நிறுத்தினான். முதலில் இருந்து யோசிப்போம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அதைத்தான் நேற்றும் சொன்னான், முந்தாநாளும் சொன்னான்.

செல்ஃப் அடிக்கிறது, ஆகவே பேட்டரி மேல் குற்றமில்லை. புகை வெள்ளையாக வருகிறது, ஆகவே டீசல் உள்ளே போகிறது. போய், எரியாமல் ஆவியாக வெளியே வருகிறது. டீசல் குளிரில் மெழுகாக உறைந்திருந்தால் புகையே வராது. இருந்தாலும் சந்தேகத்துக்குப் பில்டரை மாற்றியாயிற்று. மண்ணெண்ணெய் கலந்து பார்த்தாயிற்று. குழாயில் எங்கேயாவது காற்று நுழைகிறதா என்று ஒவ்வொரு இணைப்பாக முறுக்கியாயிற்று. நேற்று முழுநாளும் பம்ப்பின் டைமிங்கைக் கலைத்துப் போட்டுத் திரும்ப வைத்தான். வைத்ததில் மூன்று விரல் தோல் உரிந்தது. இஞ்சினுக்கு அவன் மேல் கொஞ்சம்கூட இரக்கம் வரவில்லை.

"என்ன தம்பி, இன்னும் அதையே கொஞ்சிட்டிருக்கியா?"

கொம்போவின் பெண்டாட்டி தோல்கோர் ஒரு கிண்ணத்தில் உப்புப் போட்ட பால் டீயோடு வந்து நின்றாள். பருத்த உடம்பு, அதைவிடப் பெரிய குரல். தம்தினைவிட அஞ்சாறு வயது மூத்தவள். அவனைத் திட்டுவதற்கு அது போதும் என்பது அவள் எண்ணம்.

"நீ வேற ஏன்க்கா கழுத்தறுக்கற. மனுஷனுக்கு மண்டை காயுது."

"டீயைக் குடி, மண்டை ஈரமாகும். அந்த ஹீட்டர் பிளக்கைப் பாத்தியா? எங்க வீட்டு லாரிக்குப் போன வருஷம் அதானே போச்சு?"

தம்தினுக்குச் சுர்ரென்று ஏறியது. நேற்றும் அவள் இதையேதான் சொன்னாள்.

"அக்கா, நான் ஒண்ணு கேக்கறேன், பதில் சொல்லு. இந்த வண்டிக்கு நாலு பிளக். நாலும் ஒரே ராத்திரியில கைகோத்துக்கிட்டுச் சாகுமா? ரெண்டு போனாலும் மிச்ச ரெண்டுல திக்கித் திணறியாவது பிடிக்கணும். இந்தக் குளிர்காலம் முழுக்க இது ஒரு நாள் தகராறு பண்ணியிருக்கா? நான் டீயைக் குடிச்சுட்டு வந்து சாவியைத் திருப்பினா, திருப்பின கையை எடுக்கறதுக்குள்ள பிடிக்கும். ஊரே பாத்துச்சு. பிளக் நல்லா இருந்தாத்தான் அப்படிப் பிடிக்கும். அப்ப பிளக் நல்லா இருக்குன்னுதானே அர்த்தம்?"

தோல்கோர் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். ஏதோ சொல்ல வந்தவள், கிண்ணத்தை அவன் கையில் திணித்துவிட்டு, "பாக்கறதுல என்ன குறைஞ்சு போயிடுவ?" என்று மட்டும் கேட்டாள்.

குறைந்துதான் போவான். குளிரில் இஞ்சினுக்குள் சூடேற்றிக் கிளப்புகிற அந்தப் பிளக்குகள் காற்றுக்குழாய்க்குப் பின்னால், கை நுழையாத பொந்தில் இருந்தன. அவற்றைப் பார்க்க மேலே இருக்கிற பாதிச் சாமானைக் கழற்ற வேண்டும். அதையும்விட, தோல்கோர் சொல்லி, அவள் சொன்னது சரியாகவும் இருந்துவிட்டால் சாயங்காலத்துக்குள் கதை ஊர் முழுக்கப் பரவிவிடும். ஆனால் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. செய்து பார்க்க வேறெதுவும் மிச்சமில்லை என்கிற கேவலமான நிலைமைக்கு அவன் வந்திருந்தான்.

முணுமுணுத்துக்கொண்டே குழாயைக் கழற்றினான். பிளக்குகளை இணைக்கிற பட்டையை எடுத்தான். டெஸ்ட் பல்பின் ஒரு முனையைப் பேட்டரியில் மாட்டி, மறுமுனையால் முதல் பிளக்கின் தலையைத் தொட்டான். பிளக்குக்கு உயிர் இருந்தால் பல்பு எரிய வேண்டும்.

எரியவில்லை.

இரண்டாவதைத் தொட்டான். எரியவில்லை. மூன்றாவது. பல்புதான் கெட்டுவிட்டதோ என்று அதை நேராகப் பேட்டரியிலேயே தொட்டுப் பார்த்தான், பளிச்சென்று எரிந்தது. நாலாவதைத் தொட்டான். அதுவும் பிணம்.

"நாலுமேவா?" என்றாள் தோல்கோர்.

"பேசாம இரு அக்கா."

ஒன்றைத் திருகி வெளியே எடுத்தான். அதற்கே இன்னொரு விரல் தோலைப் பறிகொடுத்தான். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். நுனி எரிந்து உடைந்திருந்தது. ஆனால் அது நேற்றோ போன வாரமோ உடைந்தது இல்லை. உடைந்த இடத்தின் மேல் கரி படிந்து, அந்தக் கரி கல்லாக இறுகி, அதன் மேல் மறுபடி கரி படிந்திருந்தது. ஆயிரம் பிளக் பார்த்த கண் அது. பொய் சொல்லிக்கொள்ளவும் வழியில்லை.

"இது முதல் பனி விழறதுக்கு முன்னாடியே செத்திருக்குக்கா" என்றான். குரல் அவனுக்கே வேறு யாருடையதோ போல இருந்தது. "அப்ப இந்த மூணு மாசமா வண்டி எப்படிக் கிளம்பிச்சு? கிளம்பியிருக்கவே முடியாது. யாராவது இஞ்சினைச் சூடு பண்ணினாத்தான் உண்டு."

"அதான் ஒயூனா பண்ணிட்டிருந்தாளே."

"என்ன பண்ணிட்டிருந்தா?"

தோல்கோரின் முகத்தில் இருந்த கேலி மெல்ல மெல்ல இறங்கியது.

"தம்பி, என் மேல ஆணையா நெசமாவே உனக்குத் தெரியாதா? தினமும் விடியறதுக்கு முன்னாடி எழுந்து, அடுப்பை மூட்டி, காஞ்ச சாணிக் கங்கை ஒரு பழைய பேசின்ல அள்ளிட்டு வந்து இந்த வண்டிக்கு அடியில வைப்பா. பானெட் மேல மெத்தையைப் போர்த்துவா. பால் கறந்துட்டு வந்து பேசினை இழுத்துக் கொட்டிட்டு, மெத்தையை எடுத்துட்டு உள்ள போயி உன்னை எழுப்புவா. நீ டீ குடிச்சுட்டு வந்து சாவியைத் திருப்புவ."

"எனக்குத் தெரியாம, ரகசியமாவா?"

"என்ன ரகசியம்? எங்க கூடாரத்துலேருந்து தெரியுது, ஆத்துக்கு அந்தப் பக்கத்துலேருந்து தெரியுது. புகை வருமேப்பா! நீயும் அவளும் பேசி வச்சுக்கிட்டுத்தான் செய்யறீங்கன்னு நாங்க நினைச்சோம். நேத்துகூட, இவன் எழுந்து கங்கு வைக்கறதுக்குச் சோம்பல் பட்டுக்கிட்டு ஸ்பேனரைச் சுத்திட்டிருக்கான்னு எங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லிச் சிரிச்சேன்."

தம்தின் குனிந்து ஜீப்புக்கு அடியில் பார்த்தான். சுற்றிலும் பனி; நடுவில் பேசின் அளவுக்கு வட்டமாகத் தரை கறுத்துக் கிடந்தது. இந்த ஒரு வாரத்தில் எத்தனையோ தடவை அவன் அந்தக் கறுப்பின் மேலேயே மல்லாந்து படுத்திருக்கிறான். எண்ணெய் சொட்டிய கறை என்று நினைத்துக்கொண்டு, எங்கே ஒழுகுகிறது என்று அதையும் அரை நாள் தேடியிருக்கிறான்.

முதலில் அவனுக்குக் கோபம்தான் வந்தது, அவள் மேல். ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்திருக்கலாமே! சொல்லியிருந்தால் நாலு பிளக்கை மாற்ற எவ்வளவு நேரம் ஆகப்போகிறது? பிறகு, சொன்னாள் என்பது ஞாபகத்துக்கு வந்தது. பனிக்கு முன்னால் ஒரு காலையில், "வண்டி ரொம்ப நேரம் சுத்திட்டுத்தான் பிடிக்குது, இஞ்சின் சூடாகுதுன்னு காட்டற விளக்கும் டப்புனு அணைஞ்சிடுது" என்றாள். "இஞ்சினைப் பத்தி நீ எனக்குப் பாடம் நடத்தாதே" என்று அவன் சொன்னான். மறுநாளும் சொன்னாள். அன்றைக்கு அவன் பதிலே சொல்லவில்லை. அதற்குப் பிறகு அவள் அதைப் பற்றிப் பேசவில்லை. வண்டியும் தொட்டதும் பிடித்தது. அவனும், பார்த்தாயா என் வண்டியை, என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்து ஓட்டினான்.

வெட்கத்தில் அவனுக்கு அந்தக் குளிரிலும் காது எரிந்தது. தன்னையே கன்னத்தில் அறைந்துகொள்ளலாம் போலிருந்தது. தோல்கோர் பக்கத்தில் நின்றதால் அறைந்துகொள்ளவில்லை.

கழற்றியதையெல்லாம் அப்படியே திரும்ப மாட்டினான்; புதுப் பிளக் கையில் இல்லை. கடைசியாக இருந்த செட்டை அந்த ரஷ்ய லாரிக்காரனின் தம்பி வண்டிக்குப் போட்டுக் கொடுத்துவிட்டான். கடைகளெல்லாம் பண்டிகைக்கு மூடியாயிற்று. இருந்த வழி ஒன்றுதான்.

"அக்கா, உங்க அடுப்புலேருந்து கொஞ்சம் கங்கு குடு."

"பித்தூன் அன்னிக்கு என் வீட்டு நெருப்பை வெளிய குடுக்கறதா? நல்லா கேட்ட போ. உன் அடுப்புல நீ மூட்டிக்க."

அவன் அடுப்பு பேட்டரியைக் காத்த களைப்பில் அணைந்துபோயிருந்தது. அதை மூட்டக் காய்ந்த சாணி தேடினால், ஒயூனா அடுக்கி வைத்த குவியலை இந்தப் பத்து நாளில் அவன் எரித்துத் தீர்த்திருந்தான். அடியில் கிடந்ததெல்லாம் பனி பிடித்த ஈரம். ஊதி ஊதிக் கண் சிவந்தது. ஒரு வழியாகப் பிடித்ததும், அவசரத்தில் கங்காகும் வரை பொறுக்காமல் பாதி எரிவதை அப்படியே அள்ளிக்கொண்டு ஓடினான். ஜீப்புக்கு அடியில் தள்ளியதுதான் தாமதம், குப்பென்று தீ எழும்பியது.

"இழு, இழு! டீசல் குழாய் பொசுங்குது பாரு!" என்று தோல்கோர் அலறினாள்.

இழுத்தான். பேசின் கவிழ்ந்து பாதி பனியில் கொட்டிச் சீறி அணைந்தது. புருவத்தில் ஒரு பக்கம் கருகிவிட்டது.

"இஞ்சினைப் பிரிச்சுப் போட்டுச் சேக்கறவன், ஒரு பேசின் நெருப்பு வைக்கத் தெரியல. தீயா வைப்பாங்க? நல்லாக் கனிஞ்ச கங்கா எடுத்து, மேல சாம்பலைத் தூவி வை. அவ அப்படித்தான் வைப்பா."

"தெரியாதுக்கா! தெரியாது! எனக்கு ஒரு எழவும் தெரியாது, போதுமா?" என்று தம்தின் கத்தினான். தோல்கோர் உள்ளே போய் ஒரு பழைய மெத்தையை எடுத்து வந்து பானெட் மேல் போட்டாள்.

மறுபடி அடுப்பு, மறுபடி ஊதல். கங்கு கனியும்வரை உட்கார்ந்து காத்திருப்பது அவனுக்குப் பெரிய தண்டனையாக இருந்தது. கழற்றவும் முறுக்கவும் எதுவும் இல்லாமல் சும்மா உட்கார்ந்திருக்க அவனுக்கு வராது. கனிந்ததும் சாம்பல் தூவி, முழங்காலில் தவழ்ந்து பேசினை அந்தக் கறுப்பு வட்டத்தில் கொண்டுபோய் வைத்தான். எழும்போது முழங்கால் இரண்டும் மரத்திருந்தன. இதை அவள் மூன்று மாதம் செய்திருக்கிறாள். இருட்டில். அவன் குறட்டை விட்டுக்கொண்டிருந்தபோது.

உச்சி சாய்ந்தபின் பேசினை இழுத்துவிட்டுச் சாவியைத் திருப்பினான். இஞ்சின் இரண்டு சுற்று சுற்றியது, பிடித்துக்கொண்டது. கொஞ்சம் முன்னால் வரை அதற்காக உயிரையே கொடுத்திருப்பான். இப்போது அந்தச் சத்தம் அவனுக்குச் சந்தோஷம் தரவில்லை.

கணவாயின் உச்சியில் மலைச்சாமிக்குக் குவித்த கற்குவியலைக் கண்டால் எவனும் இறங்கி மூன்று தடவை சுற்றிவிட்டுத்தான் போவான். தம்தின் இறங்கவில்லை. மூன்று தடவை ஹார்ன் அடித்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டு கீழே விட்டான். பத்சூக்கின் கூடாரத்துக்கு முன்னால் வந்து நின்றபோது வெயில் மலைக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் இருந்தது. திரும்பிப் போனால் இருட்டுவதற்குள் இல்லாவிட்டாலும் பித்தூன் சாப்பாட்டு நேரத்துக்காவது வீட்டில் இருக்கலாம். இஞ்சினை ஓடவிட்டுவிட்டு இறங்கினான்.

பத்சூக் வெளியே வந்தான். பின்னாலேயே, கையில் மாவு ஒட்டியபடி ஒயூனாவும் வந்தாள். அவனுடைய கருகிய புருவத்தைப் பார்த்தாள்.

வழியெல்லாம் அவன் சேர்த்து வைத்திருந்த பேச்சு வேறு. வாயில் வந்தது பழைய தம்தினின் பேச்சுதான். "இஞ்சின் ஓடிட்டிருக்கு, சீக்கிரம் கிளம்பு."

சொன்ன மாத்திரத்தில் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"கங்கு வச்சேன்" என்றான் பிறகு. "பிளக் நாலும் செத்துப் போச்சு. முன்னாடியே செத்திருக்கு. நீ சொன்ன. நான் கேக்கல."

"யார் சொன்னா, தோல்கோர் அக்காவா?"

"பிளக்கைக் கழட்டிப் பாத்தேன். அப்புறம்தான் அக்கா சொன்னாங்க."

"வண்டி நின்னுச்சு, அதனால கண்டுபிடிச்ச" என்றாள் ஒயூனா. குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அவனுக்குச் சமாளிக்கத் தெரிந்திருக்கும். "நிக்காம ஓடியிருந்தா?"

இஞ்சின் மட்டும் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

"அதை அணை" என்றாள்.

"அணைச்சா கிளம்பாது, ஒயூனா. இந்தக் குளிர்ல அரை மணி நேரத்துல உறைஞ்சிடும்."

"தெரியும்."

"இன்னிக்குப் பித்தூன். நம்ம வீடு காலியாக் கிடக்கும். ஊரே என்ன பேசும்?"

"பத்து நாளாக் காலியாத்தான் கிடக்குது. அணை."

தம்தின் பத்சூக்கைப் பார்த்தான். பத்சூக் தன் பூட்ஸ் நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தான். கிளப்ப முடியாது என்று தெரிந்த ஒரு இஞ்சினைத் தம்தின் தன் ஆயுளில் அணைத்ததில்லை. ஜீப்பண்டை போய், கதவைத் திறந்து, சாவியில் கை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். பிறகு திருப்பினான். அந்தப் பள்ளத்தாக்கு முழுக்கச் சத்தம் அடங்கிப்போனது.

"நாளைக்கு விடியறதுக்குள்ள எல்லாரும் எழுந்துடுவோம்" என்றாள் ஒயூனா. "நீ எங்களுக்கு முன்னாடி எழுந்து கங்கு வை. நான் டீ குடிச்சுட்டு வந்து சாவியைத் திருப்பறேன்."

"கிளம்பிடுச்சுன்னா வருவியா?"

"அதை அப்பத்தான் சொல்லுவேன்."

அவள் உள்ளே போய்விட்டாள். தம்தின் வாசலில் பனியை உதறிக்கொண்டே, காய்ந்த சாணியை எங்கே அடுக்கியிருக்கிறீர்கள் என்று பத்சூக்கிடம் கேட்டான்.